சூளைக்குப் போகாத கதவு

விருத்தாசலம்,
8.9.2007, சனிக்கிழமை.

பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் பில் எழுதும் மதிப்பிற்குரிய மச்சான் கொளஞ்சிநாதன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை கனகாவின் கணவனும், ரயிலடிப் பக்கத்து அரசுப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவருமான அர்ச்சுனன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நான், கனகா, மகள் இளமதி, கறவை மாடு எல்லோரும் சுகம். அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளை பிரபாவும் சுகமென்றே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

தங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. "காலாண்டு லீவு விட்டதும் வேன் எடுத்துக்கிட்டு வரேன், இளமதிக்கு டி.சி. வாங்கி வைங்க, பிரபா படிக்கிற இங்கிலீஷ் ஸ்கூல்லயே சேர்த்துடலாம், உங்களால ஒரு கதவு போட முடியல" என்று எழுதியிருந்தீர்கள். எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருந்தது, ஒரு டீ குடித்ததும் போய்விட்டது. வேன் எடுத்துக்கொண்டு வர வேண்டாம் மச்சான். டி.சி. வாங்கப் போவதில்லை. கதவு நாளைக்கு வருகிறது. ஒரு கதவு இல்லை, ஏழு கதவு. ஆனால் நடந்ததை முதலிலிருந்து சொல்லாவிட்டால் நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்பதால் சொல்கிறேன்.

ஜூன் கடைசியில் பொதுக்குழு என்று கூப்பிட்டு எங்களையெல்லாம் எட்டாம் வகுப்பு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். தலைமையாசிரியை சொர்ணாம்பாள் டீச்சர், "இந்த வருசம் தலைவரா இருக்க யாரு முன்வரீங்க?" என்று கேட்டார். ஒருத்தரும் அசையவில்லை. நான் உட்கார்ந்த பெஞ்சில் ஓர் ஆணி. அது என் வேட்டியைத் தாண்டி உள்ளே வந்த நேரமும் டீச்சர் கேட்ட நேரமும் ஒன்றாகிவிட்டது. "ஆ!" என்று எழுந்தேன், எல்லோரும் கை தட்டிவிட்டார்கள். ஆணி என்று சொல்ல வாயெடுப்பதற்குள் "தலைவர் ரெண்டு வார்த்தை பேசுவாரு" என்று அறிவித்தும் ஆயிற்று. சரி, இந்தப் பள்ளியில் ஆணியை ஒழிப்பேன் என்று பேசினேன். அதற்கும் கை தட்டினார்கள். அன்று சாயங்காலமே சுத்தியலோடு போய் எட்டு பெஞ்சில் ஆணி பிடுங்கினேன். மறுநாள் எங்கள் பீங்கான் கம்பெனி முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஏம்பா அர்ச்சுனா, ஏதோ கழகத்துக்குத் தலைவராமே, சொல்லவே இல்லியே, கம்பெனியில கொடி கிடி கட்டிடாதப்பா" என்றார். நமது கழகத்துக்குக் கொடி இல்லை, ஒரு ரப்பர் ஸ்டாம்பு மட்டும்தான் என்று விளக்கிச் சொன்னேன்.

நீங்கள் சர்க்கரைக்காரர், எங்கள் தொழில் சூட்சுமம் உங்களுக்குத் தெரியாது. பச்சைக் களிமண் சூளையில் வெந்தால் சுருங்கும். ஏழு அங்குல ஜாடி வேண்டுமென்றால் எட்டு அங்குலத்துக்கு அச்சு போட வேண்டும். இருபத்திரண்டு வருசமாக அச்சு போடுகிறேன். ஏழு என்று காதில் விழுந்தால் என் கை தானாக எட்டு என்று கோடு போடும். இதுவரை என் அச்சில் ஒரு கப்பு, ஒரு ஃபியூஸ் கட்டை அளவு தவறியதில்லை. கழகத்தையும் இப்படித்தான் நடத்துகிறேன். எழுபது பேர் வரவேண்டுமென்றால் எண்பது பேருக்குச் சொல்லி அனுப்புவேன். பெண்பிள்ளைகளுக்கு இரண்டு வருசம் முன்பு கட்டிய கழிப்பறையில் ஏழு அறை, ஒன்றுக்கும் கதவு இல்லை. எப்படியும் மேலே குறைத்துத்தான் கொடுப்பார்கள் என்று எட்டுக் கதவு கேட்டு மனு எழுதி, எட்டு முறை கல்வி அலுவலகத்துக்கு நடந்தேன். கடைசியில், "ஏழு அறைகளுக்கு எட்டுக் கதவுகள் கோரியதன் காரணத்தை மூன்று பிரதிகளில் தெரிவிக்கவும்" என்று பதில் வந்தது. சூளை விசயத்தை மூன்று பிரதியில் எழுதி அனுப்பினேன். அதற்கு அப்புறம் அங்கிருந்து மூச்சே இல்லை.

அதற்குள்தான் ஆகஸ்டு பத்தாம் தேதி வந்தது. இளமதி பிரேயரில் நின்றவள் அப்படியே சரிந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு நீங்களும் ஓடி வந்தீர்கள். ஆனால் நீங்கள் வருமுன் நடந்ததை நான் உங்களிடம் சொல்லவில்லை. டாக்டர், "ஸ்கூல்ல தண்ணியே குடிக்க மாட்டியாம்மா?" என்று கேட்டார். "குடிச்சா போவணும்ல சார். போனா அங்க கதவு இல்ல" என்றாள். மச்சான், அந்த இடத்தில் நான் தலைவரும் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு வருசமாக என் மகள் காலையில் கொண்டுபோகும் தண்ணி பாட்டிலைச் சாயங்காலம் அப்படியே முழுசாகத் திருப்பிக் கொண்டு வருவாள். "பாரு, பொண்ணு எவ்ளோ சிக்கனம்" என்று நானே நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது எழுதும்போதும் எனக்கு அழுகை வருகிறது.

அழுதுகொண்டு உட்கார்ந்தால் ஆகுமா? அவசரக் கூட்டம் போட்டேன். மூன்று மணிக் கூட்டத்துக்கு நானும் டீச்சரும் ஓர் ஆடும் வந்தோம், மற்றவர்களுக்கெல்லாம் ஷிப்ட்டு. யோசித்தேன். பெற்றோரெல்லாம் ஒரே இடத்தில், நகராமல், மணிக்கணக்காக நிற்பது எங்கே? ரேஷன் கடை மண்ணெண்ணெய் வரிசையில். தீர்மான நோட்டை அங்கேயே கொண்டுபோய்விட்டேன். கம்பெனிகளில் ஜாடி அனுப்ப வரும் பலகைப் பெட்டிகளில் உடைந்து கிடப்பதை அவரவர் கேட்டு வாங்கி வருவது, கதவை நாமே செய்துகொள்வது என்று தீர்மானம். சூளையில் சரக்கு அடுக்கும் வீரம்மாள், அவள் மகளும் இளமதி வகுப்புதான், "இதுக்கு எதுக்குத் தலைவரே இத்தினி நாளா மனு எழுதிக்கினு இருந்தீங்க? அப்பவே வாயத் தொறந்து கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டோமா?" என்று கேன் தூக்கிக்கொண்டே கேட்டாள். தச்சு வேலை செய்யும் ஜெயராஜ், அவர் மகள் ஆறாவது, "கூலி வாணாம், ஆணி மட்டும் யாராச்சும் குடுங்க" என்றார். ஆணி என்னிடம் இருந்தது, பெஞ்சில் பிடுங்கியது. நாற்பது கையெழுத்து. டீச்சர் நோட்டைப் பார்த்துவிட்டு, "இந்தப் பெரியவரு யாரோட அப்பா?" என்றார். "யாருக்கும் இல்லீங்க டீச்சர், அவருக்கு இன்னும் கல்யாணமே ஆவல. வரிசையில நின்னாரு, போட்டுட்டாரு" என்றேன்.

இப்படி நான் ஓடிக்கொண்டிருக்கும்போது உங்கள் தங்கை என்ன செய்தாள் தெரியுமா? மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டிவிட்டு வந்தாள். ஊரில் நிலத்தைப் பிடுங்கினவன் மேலும் நகையைத் திருடினவன் மேலும் சாமியிடம் பிராது எழுதிக் கட்டுவார்கள், இவள் என் மேல் கட்டியிருக்கிறாள். அரிசி டின்னுக்கு அடியில் நகல் கிடைத்தது. "எதிரி: பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அர்ச்சுனன். கோரிக்கை: கதவு." எழுத்தைப் பார்த்தேன். கரும்பு பில் எழுதி எழுதிச் சாய்ந்துபோன அந்தக் கையெழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியாதா மச்சான்? எழுதியவர் என் மச்சான், விசாரிக்கிற சாமியும் உங்கள் பேர்க்காரர். எனக்கு எங்கே நியாயம் கிடைக்கும்? கனகாவைக் கேட்டால், "கதவு வந்தா வாபஸ் வாங்கிக்கறேன், நீங்க போயி வேலயப் பாருங்க" என்கிறாள்.

பார்த்துவிட்டேன். போன ஞாயிறு நானே டேப்பைப் பிடித்து அளந்தேன். "நா அளந்துக்கறேன் தலைவரே" என்றார் ஜெயராஜ். விடுவேனா? அகலம் முப்பத்திரண்டு, உயரம் எண்பது என்று சாக்பீஸால் சுவரில் எழுதிக் கொடுத்தேன். நாளைக் காலை கதவு மாட்டுகிறோம். ஆகவே, இளமதி இங்கேயே படிப்பாள். கதவு போடத் தெரியாதவன் என்ற அந்தச் சொல்லை மட்டும் அடுத்த கடிதத்தில் திருப்பி வாங்கிக்கொண்டால் போதும், நான் பெருந்தன்மையாக மறந்துவிடுவேன்.

பழமலைநாதர் அருளால் தங்கள் குடும்பமும், தங்கள் ஆலையும், ஆலைக்கு வெட்டும் கரும்பும் குறைவில்லாமல் விளங்க வேண்டிக்கொண்டு,

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்
அ. அர்ச்சுனன்,
தலைவர், பெற்றோர் ஆசிரியர் கழகம்.
(ஸ்டாம்பு வைத்திருக்கிறேன். மை கொஞ்சம் வழிந்துவிட்டது.)

பின்குறிப்பு, திங்கட்கிழமை சாயங்காலம்: சனிக்கிழமை தபால் எடுத்துப் போய்விட்டார்கள், ஞாயிறு கிடையாது. அதனால் இந்தக் கடிதம் என் சட்டைப்பையிலேயே இருந்தது. நேற்று டிரைசைக்கிளில் கதவு வந்தது. மாட்டப் போனால் ஒன்றுகூட நிலைக்குள் நுழையவில்லை. நாலு அங்குலம் அகலம் அதிகம், பத்து அங்குலம் உயரம் அதிகம். "நீங்க குடுத்த அளவுதான் தலைவரே, செவுத்துலயே இருக்குது பாருங்க" என்று ஜெயராஜ் காட்டினார். டேப்பை எடுத்துத் திரும்ப அளந்தேன். அறை வாசல் இருபத்தெட்டுக்கு எழுபது. பாழாய்ப்போன என் கை ஏழுக்கு எட்டு என்று கூட்டிப் போட்டிருக்கிறது. "இன்னா தலைவரே, சூளைக்குத் தூக்கினு போயி வேக வெச்சிப் பாக்கலாமா? சுருங்குதான்னு தெரிஞ்சிடும்" என்று வீரம்மாள் கேட்டாள். மொத்தப் பேரும் சிரித்தார்கள், கனகா எல்லோரையும்விட அதிகம் சிரித்தாள். இளமதி மட்டும் சிரிக்கவில்லை, கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி, உங்களுக்கு வேன் எடுத்து வரச் சொல்லி எழுதிவிடலாம் என்றுகூட நினைத்துவிட்டேன் மச்சான்.

வீரம்மாள்தான், "உள்ள போவலன்னா வெளிய மாட்டுங்க, இதுக்குப் போயி முழிச்சிக்கினு நிக்கறீங்களே" என்றாள். கீல்களை வெளிச்சுவரில் வைத்து மாட்டினார் ஜெயராஜ். வாசலைச் சுத்தமாக மூடிக்கொண்டது, பக்கத்தில் சந்து இல்லை, மேலேயும் இல்லை. கையோடு கழகம் கூடி, "தலைவர் இனி எதையும் அளக்கக் கூடாது" என்று தீர்மானம் போட்டது. முதல் கையெழுத்து உங்கள் தங்கை. மேலே நான் எழுதியதையெல்லாம் அவள் படித்துவிட்டு, எட்டு பெஞ்சு இல்லை ஏழு, எட்டு முறை இல்லை ஏழு, நாற்பது கையெழுத்து இல்லை முப்பத்தைந்து, ஆக எல்லாவற்றிலும் எட்டுக்கு ஒன்று கழித்துப் படிக்கும்படி உங்களுக்கு எழுதச் சொன்னாள். கதவு போடத் தெரியாதவன் என்பதையும் திருப்பி வாங்க வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும். வர வேண்டாம் என்று எழுதியதையும் அடித்துவிடுங்கள். பிராதை வாபஸ் வாங்க, அதை எழுதிய கையே கோயிலுக்கு வர வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமை பிரபாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வேன் வேண்டாம், பஸ்ஸில் வாருங்கள், டி.சி.க்கு வேலை இல்லை.

இன்று சாயங்காலம் இளமதி பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வைத்தாள். நான் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். காலி. ஒரு சொட்டுக்கூட இல்லை மச்சான். இதில் மட்டும் எதையும் கழிக்காமல் படியுங்கள்.