புளியமரத்தில் பாக்கி ஒரு குஞ்சு

எழுபதுகளில் சித்தூருக்குக் கிழக்கே, சூரியனை நம்பாமல் பறவையை நம்பி வேலை பார்த்த ஒரே மனிதர் எங்கள் வாய்க்கால் மடைக்காரர்தான். அவருடைய பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் வக்காண்ணா.

வக்கா என்பது இரவில் மீன் பிடிக்கும் குட்டைக் கொக்கு. பகலெல்லாம் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, குளிர்காய்ச்சல் வந்தவர் போலக் கிளையில் தூங்கும். மடையோரம் என் மாமாவின் புளியமரத்தில் முப்பது வக்காவாவது இருக்கும். மரத்தடியில் அதே கோலத்தில் வக்காண்ணா தூங்குவார். சிவந்த கண்கூட அதேதான். பொழுது சாய்ந்து மேலே முதல் "வக்" கேட்டதும் எழுந்து மடையைத் திருப்புவார். பகல் தண்ணீர் மாமாவின் மேல்காட்டுக்கு. இரவுத் தண்ணீர் மற்றவர்களின் கீழ்க்காட்டுக்கு.

"சூரியன் மேகத்துல ஒளிஞ்சுக்குமுங்க. வக்கா ஏமாத்தாது" என்பார், தலையில் விழுந்த எச்சத்தைத் துடைத்தபடி.

ஒரு வருஷம் அவை அங்கேயே கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன. ஒரு நாள் நடுமத்தியானம் "வக்" என்றது. வக்காண்ணா துள்ளியெழுந்து மடையைத் திருப்பிவிட்டார். மாமா வரப்பில் ஓடி வந்தார்.

"ஏனுங்க, வெயில் மண்டையப் பொளக்குது. பொழுது போயிருச்சுங்களா?"

"வக்கா கெளம்பிருச்சுங்களே!"

"அதுக்குக் கிறுக்குங்க!"

"முப்பதுக்குமா கிறுக்குப் புடிக்கும்?"

நாலு நாள் இப்படியே. மாமாவின் நாற்று வாடியது. ஐந்தாம் நாள் கோடாலியோடு வந்தார்.

"மரம் இருந்தாத்தானே வக்கா, வக்கா இருந்தாத்தானே உங்க கடியாரம்!"

வக்காண்ணா மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "மேல பாருங்க. வாயத் தொறந்துட்டு நிக்குதுங்க. புள்ளைக்குத் தீனி தேடறதுக்கு ராத்திரியென்னங்க, பகலென்னங்க? எனக்குத்தான் புரியலை. குஞ்சு பூராப் பறக்கட்டும், அப்பறம் வெட்டிக்குங்க. இனிமேட்டுக்குச் சூரியனையே பாக்கறனுங்க."

சொன்னபடியே செய்தார். மத்தியானம் மேலே "வக்" கேட்டால், "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு இன்னும் நேரமாவலை" என்று மரத்துக்குப் பதில் சொல்வார்.

இரண்டு மாதம் கழித்து மாமா கேட்டார். "குஞ்செல்லாம் பறந்துருச்சுங்களா?"

"ஒண்ணே ஒண்ணு பாக்கிங்க."

கூடுகள் காலி என்பது கீழே நின்ற எனக்கே தெரிந்தது. மாமா அண்ணாந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "செரி, பறக்கட்டும்" என்றார். அடுத்த வருஷமும் அதே கேள்வி, அதே பதில். அதற்கடுத்த வருஷமும்.

வக்காண்ணா போன பிறகு வந்த புது மடைக்காரர், எச்சம் பட்ட சட்டையோடு மாமாவிடம் வந்து நின்றார். "இந்த மரத்த வெட்டிப்போடுங்க!"

மாமா அண்ணாந்து வெறுங்கூடுகளைப் பார்த்தார்.

"வெட்டலாமுங்க" என்றார். "ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்குது."