வத்தல் நெடியும் எம்.சி. முரடனும்

கூச்சப்படுகிறவர்களால் யாருக்கும் கெடுதல் வராது என்று எங்கள் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. அதை நம்பாதீர்கள். அறுபத்தெட்டு வயசு வரைக்கும் நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான், ஒரே மத்தியானத்தில் ஒரு சினிமா கம்பெனியையே இரும வைத்திருக்கிறேன். வாயாடிப் பொம்பளையாக இருந்திருந்தால் அது நடந்தே இருக்காது.

முதலில் அவன் கதை. இசக்கிமுத்து என் தங்கை செல்லத்தின் மகன். குத்துக்கல்வலசையில் எங்கள் ரெண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். காலேஜுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பாதி கட்டி நின்ற ஒரு வீட்டுக்குள் போய் யாரையோ ஏசிக்கொண்டிருப்பான். (சண்டையாக்கும் என்று ரெண்டு தடவை விலக்கிவிடப் போயிருக்கிறேன். உள்ளே அவனைத் தவிர ஆளே இல்லை.) அதற்குப் பேர் ராப் என்றான்.

"பாட்டுன்னா ராகம் வேண்டாமாலே?" என்று கேட்டேன்.

"கோவம் இருந்தாப் போதும் பெரியம்ம."

கோபம் எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தாராளமாக இருக்கிறது. அதை வைத்துப் பிழைக்கலாம் என்று அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

பேரையும் மாற்றிக்கொண்டான். எம்.சி. முரடன். அவன் அப்பா பேர் சங்கரன். எம்மும் சீயும் யார் என்று கேட்டு செல்லம் ஒரு வாரம் அழுதாள். (கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நிற்கிற பிள்ளை. முரடனாம்.)

குற்றாலத்துக்குக் காரில் வந்து குளித்துவிட்டு, பாட்டிலைப் பாறையில் உடைத்துப் போட்டுப் போகிறவர்களை ஏசி அவன் பாடின பாட்டுதான் முதலில் பரவியது. 'காரு உனக்கு, கண்ணாடிச் சில்லு எனக்கா' என்று ஒரு வரி வரும். எனக்கும் பிடித்தது. அது நிஜக் கோபம். அடுத்த வருஷம் சினிமாவில் கூப்பிட்டார்கள். முதல் படத்தில் வில்லனுக்குப் பின்னால் நின்றான். ரெண்டாவதில் வில்லனுக்குப் பக்கத்தில் நின்று முதல் சண்டையிலேயே செத்தான். மூணாவதில் இடைவேளை வரைக்கும் உயிரோடு இருந்தான். குடும்பத்தில் அதை வளர்ச்சி என்று கொண்டாடினோம். நடுவில் ஒரு கார் விளம்பரத்திலும் சிரித்துக்கொண்டு வந்தான். கண்ணாடிச் சில்லுப் பாட்டை அதற்கப்புறம் அவன் பாடி நான் கேட்கவில்லை.

நாலாவது படத்தில் அவன்தான் கதாநாயகன். ஐந்தருவி போகிற ரோட்டில் படப்பிடிப்பு. அம்மா செத்துக் கிடக்க, மகன் விழுந்து அழ வேண்டும். படமே அந்த அழுகையில்தான் நிற்கிறதாம். ரெண்டு நாளாக அது வரவில்லை. கண்ணில் மருந்து விட்டால் தண்ணீர் கொட்டுகிறது. மூஞ்சி என்னவோ பந்திக்குக் காத்து நிற்கிறவன் மூஞ்சியாகவே இருக்கிறது. 'அம்மா' என்று கூப்பிடச் சொன்னால், வாடகை பாக்கி வைத்தவளைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுகிறான். டைரக்டர் பார்த்தார். மூணாம் நாள் மத்தியானத்துக்குள் அழுகை வராவிட்டால், அந்தக் கட்டத்தைத் தம்பியாக நடிக்கிற பையனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அழுகிற இடம் போனால் படமே தம்பியின் படம். இவன் திரும்ப வில்லனுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டியதுதான்.

அன்று காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து செல்லத்தின் குரல் வந்தது.

"ஏக்கா, புள்ளைக்குக் கண்ணு பட்டிருக்கு. தென்காசி பூரா அவன் போஸ்டரு. நீ போய்ச் சுத்திப் போட்டுட்டு வா."

"அங்கன எனக்கு யாரைட்டி தெரியும்?"

"யாருட்டயும் பேச வேண்டாம். சுத்து, தீயில போடு, வந்துரு. நானே போவேன், இந்த முட்டு மடங்க மாட்டேங்குதே."

சுத்திப் போடுவது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். மிளகாய் வத்தல், கல் உப்பு, முச்சந்தி மண் மூன்றையும் கையில் பொத்தி, ஆளைச் சுற்றி நெருப்புக் கங்கில் போட வேண்டும். கண் பட்டிருந்தால் வத்தல் கருகினாலும் நெடி வராது. நெடி வந்தால் கண்ணே படவில்லை என்று அர்த்தம். சின்னப் பிள்ளைக்கு மூணு வத்தல் போதும். கதாநாயகனுக்கு எத்தனை என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. டப்பாவோடு எடுத்துக்கொண்டேன்.

கங்குக்கு என்ன செய்ய? குற்றாலத்தில் இறங்கி, விறகு அடுப்பில் நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிற கடை முன்னால் தூபக்காலோடு போய் நின்றேன்.

"எவ்வளவு ஆச்சி?" என்றார் கடைக்காரர்.

கங்கு என்று சொல்ல வாய் வரவில்லை. "கால் கிலோ" என்றேன். வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"இன்னும் வேணுமா?"

"கால் கிலோ."

மூணாவது கால் கிலோவை மடிக்கும்போதுதான் அவர் தூபக்காலைக் கவனித்தார். "கங்கு வேணும்னு சொன்னா என்ன ஆச்சி? நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?" என்று சிரித்துக்கொண்டே அள்ளிப் போட்டார்.

படப்பிடிப்பு இடத்தில் இசக்கிமுத்துக்குக் கொடுத்திருந்தது, ஒரு பஸ்ஸைப் பிடித்து வீடாக்கின மாதிரி ஒரு வண்டி. உள்ளே ஏ.சி. பவுடர் பூசிக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"பெரியம்ம, எனக்கு நடிப்பு வராது போல. ஊர்ல வந்து பழையபடி செவத்தைப் பாத்து ஏசிட்டுக் கெடக்கப் போறேன்" என்றான். எனக்குப் பாவமாகிவிட்டது.

"எல்லாம் கண்ணுலே. எந்திரி, வாசல்ல நில்லு."

வாசலில் வைத்துச் சுற்றுவதுதான் முறை. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். நூறு போன் என்னைப் பார்த்தது. படக்கென்று சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். (என் அறிவு அந்த இடத்தோடு சரி.)

"ஊருக் கண்ணு, உறவுக் கண்ணு, போஸ்டர்ல பாத்த கண்ணு, போன்ல பாத்த கண்ணு..." என்று சுற்றினேன். அவன் காலால் தாளம் தட்டினான்.

"நிறுத்தாத பெரியம்ம, நல்லா வருது. ரெக்கார்டு பண்ணட்டா?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மிச்சத்தை வாய்க்குள்ளேயே முனகிவிட்டு, ரெண்டு கை வத்தலையும் கங்கில் கொட்டினேன்.

நெடி வந்தது. சும்மா வரவில்லை. அந்த ஏ.சி. அதை இழுத்து, குளிர வைத்து, எங்கள் மேலேயே திரும்ப ஊதியது. எனக்கு மூச்சு நின்றுபோயிற்று. ஆனாலும் மனசுக்குள் ஒரு நிம்மதி.

"சந்தோசம்லே!" என்றேன் இருமலுக்கு நடுவில். "உம்மேல யாருக்கும் கண்ணே இல்ல!"

"ஒருத்தருக்குமா?" என்றான் அவன். அந்தப் புகையிலும் அவன் முகம் விழுந்ததைப் பார்த்தேன்.

தாழ்ப்பாள் கைக்கு அகப்படவில்லை. தீ, புகை என்று கத்தியிருக்கலாம். வெளியே அத்தனை ஆம்பளைகள், எப்படிக் கத்த? கதவை மெதுவாகத் தட்டினேன். "அம்மா, சார் மூடுல இருக்காரு, தட்டாதீங்க" என்றது வெளியே ஒரு குரல். கடைசியில் முரடன்தான் கதவை ஒரு உதை உதைத்தான். அவன் பேருக்கு ஏற்ற மாதிரி செய்த முதல் காரியம் அது.

நெடி எங்களுக்கு முன்னால் இறங்கியது. குடை பிடிக்கிறவர், விளக்குப் பிடிக்கிறவர், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் இருமினார்கள். மாலையோடு செத்துப் படுத்திருந்த அம்மா எழுந்து உட்கார்ந்து இருமினாள். இவன் தள்ளாடிப் போய் ஈர ரோட்டில் மண்டி போட்டான். கண்ணிலும் மூக்கிலும் ஒழுகுகிறது. உதடு கோணிவிட்டது. வாயைத் திறந்தால் தொண்டையிலிருந்து ஏதோ கிழிந்து வருகிறது.

டைரக்டருக்கும் கண் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. "யாரும் அவனைத் துடைக்காதீங்க! அம்மா, நீங்க படுங்க! கேமரா!" என்று கத்தினார்.

செத்த அம்மா அவசரமாகப் படுத்தாள். இவன் தவழ்ந்து போய் அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஏன் என்னை விட்டுட்டுப் போன" என்றான். பாதி காற்று, பாதி அழுகை. சாரல் வேறு சரியாக அப்போது விழுந்தது. ஒரே தடவையில் எடுத்து முடித்து எல்லாரும் கை தட்டினார்கள்.

"யாருப்பா அந்தம்மா?" என்று டைரக்டர் என் பக்கம் திரும்பினார். போலீசைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்து, முக்கால் கிலோ சிப்ஸோடு அங்கிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து மினிபஸ் ஏறிவிட்டேன்.

அவனுக்குப் பத்து நாள் குரல் இல்லை. அந்த வாரம் தென்காசியில் ஒரு ராப் கச்சேரி. இவன் மேடையில் கையை மட்டும் ஆட்ட, கூட்டமே பாடியது. அவன் பாடுவதைவிட நன்றாக இருந்ததாகப் பேச்சு.

படம் ஓடியது. அந்த அழுகையை எல்லாரும் மெச்சினார்கள். டி.வி.யில் ஒரு பெண் அதைப் பற்றிக் கேட்டதற்கு, இவன் கண்ணை மூடிக்கொண்டு, "எனக்குள்ள ரொம்ப ஆழமா போய், என் வலியைத் தேடி எடுத்தேன்" என்றான்.

"வலியாம்லா!" என்றாள் செல்லம். "வத்தல்னு சொன்னா வாய் வெந்துருமா?"

நான் எழுந்து போய் டி.வி.யை அணைத்தேன்.

அப்புறம் பெரிய கார் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தான். தெருவே கூடி நின்றது. "பாத்தியா பெரியம்ம, ஊரே எம்மேல கண்ணு. வயிறெரிஞ்சு சாவுதானுவ" என்றான். அத்தனை பேர் முன்னால் நான் என்னத்தைப் பேச? லேசாக ஒரு இருமல் இருமினேன். சுவருக்கு அந்தப் பக்கம் செல்லம் பதிலுக்கு இருமினாள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் பெருமை பேசினாலும் மற்றவர்கள் எதிர்த்துப் பேசுவதில்லை. இருமுவோம்.

போன மாதம் சிவகிரியில் அவனுக்குப் பெண் பார்க்கப் போனோம். காபி வந்ததும், "எனக்கு எத்தனை பொண்ணுங்க காத்துக்கிட்டிருக்காங்க தெரியுமா" என்று ஆரம்பித்தான். ஓரமாக உட்கார்ந்திருந்த என்மேல் அவன் பார்வை பட்டது. நான் சும்மாதான் இருந்தேன். அவனே ரெண்டு தடவை இருமிவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

பெண்வீட்டார் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.