ஒரு மண்டலம் பொறு

மூன்றாவது முறையாகப் பேண்ட் நழுவியபோதுதான் ராஜதுரைக்குச் சாவு பயம் வந்தது.

சங்கரன்கோவிலில் குப்பை தரம் பிரிக்கும் கொட்டகையில், ஒரு மூட்டைப் பழந்துணியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நின்றார். மூட்டையைப் போட்டால் மானம் தப்பும். போட்டார், தப்பியது. ஆனால் இடுப்பைப் பிடித்த கையை எடுக்க முடியவில்லை. போன வாரம்தான் தையற்காரர் ரிபாயியிடம் கொடுத்து இடுப்பை ஒரு இஞ்சு உள்ளே பிடித்திருந்தார். அதற்கு முந்தின வாரமும் பிடித்திருந்தார்.

அவருடைய அப்பா அப்படித்தான் போனார். முதலில் பேண்ட் தளர்ந்தது, பிறகு இடுப்பில் சணல் கயிறு ஏறியது, நாலே மாதத்தில் ஆள் இல்லை. கடைசியில் அந்தக் கயிற்றை அவிழ்த்தது பத்தொன்பது வயது ராஜதுரைதான். அதனால் பெல்ட் என்று ஒன்றை இன்றுவரை அவர் இடுப்பில் கட்டியதில்லை.

வேறு ஒருவராக இருந்தால் புதுப் பேண்ட் எடுத்து மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்திருப்பார். ராஜதுரையால் முடியாது. வீட்டில் ஒரு சட்டம் இருந்தது, போட்டவரே அவர்தான்.

பதினோரு வருடமாக அந்தக் கொட்டகைக்கு அவர் மேற்பார்வை. விலைச்சீட்டு கிழிக்காத சுடிதார், ஒரே ஒரு தீபாவளி பார்த்த சட்டை, மடிப்புக் கலையாத சீலை என்று ஊர் ஆசைப்பட்டு வாங்கி அலுத்துப்போட்டதெல்லாம் அவர் காலடிக்குத்தான் வந்து சேரும். பார்த்துப் பார்த்து மனசு விட்டுப்போய், ஒருநாள் வீட்டில் சட்டம் போட்டார். துணி எடுக்க ஆசை வந்தால் காலண்டர் தாளில் எழுதி ஆணியில் குத்த வேண்டும். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், பொறுக்க வேண்டும். அப்புறமும் ஆசை இருந்தால் பேசலாம்.

மனைவி பொன்செல்வி மறுபேச்சுப் பேசவில்லை. இந்த வருடம் அவள் குத்திய முதல் தாளில் ஒரே வரிதான் இருந்தது. 'இவருக்கு ரெண்டு பேண்ட், அண்ணன் மகள் கல்யாணத்துக்கு.'

நாற்பத்தெட்டாம் நாள் வந்து நின்றாள்.

"பொறுத்தாச்சு. எடுப்பமா?"

"இருக்கது ரெண்டும் நல்லாத்தானட்டி இருக்கு."

"முட்டில வெளுத்துக் கெடக்கு. கரிவலத்துல எங்க அண்ணன் வீட்டு ஆளுக அத்தனை பேரு முன்னால இதையா போட்டுட்டு நிப்பிய?"

"கிழியணும், இல்லேன்னா இடுப்புக்குச் சேராமப் போகணும். அதுவரைக்கும் ஓடட்டும்."

அவள் தாளை எடுத்துக் கசக்கினாள்.

ஆக, இப்போது பேண்ட் நழுவுவதை அவளிடம் சொல்ல முடியாது. சொன்னால் பயந்துவிடுவாள், கல்யாண வீட்டில் அழுது தொலைப்பாள். ராஜதுரை யாருக்கும் தெரியாமல் மறுபடி ரிபாயி கடைக்குப் போனார்.

"இன்னும் ஒரு இஞ்சு பிடியும் வே."

ரிபாயி பேண்ட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

"சரி அண்ணாச்சி."

அந்தத் தயக்கத்துக்கு ராஜதுரை ஒரே அர்த்தம்தான் எடுத்தார். வெளியாளுக்கே தெரிகிற அளவுக்கு முற்றிவிட்டது. பிடித்த பேண்ட்டை வீட்டில் வைத்தார். பொன்செல்வி அதைத் தேய்க்கக் கொடுத்து வாங்கி, மடிப்புக் குலையாமல் அலமாரியில் அடுக்கினாள். அடுத்த திங்கட்கிழமை அது மறுபடியும் நழுவியது.

சாப்பிட்டுத் தேற்றிவிடலாம் என்று பார்த்தார். காலையில் இரண்டு முட்டை, மத்தியானம் இன்னொரு தட்டுச் சோறு, சாயங்காலம் கடலை உருண்டை. பத்து நாளில் பேண்ட் அப்படியே தொளதொளத்தது, சட்டைப் பொத்தான் மட்டும் பூட்டவில்லை. அப்பாவுக்கும் கடைசியில் நீர் கோத்துக்கொண்டது. பஸ் ஸ்டாண்டு எடை மிஷினில் ஏறி நின்றார். இரண்டு கிலோ கூடியிருந்தது. நீரேதான்.

இரத்தம் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்.

"ஒரு குறையும் இல்ல. நல்லா இருக்கிய," என்றார் டாக்டர்.

அப்பாவிடமும் இதையேதான் சொன்னார்கள். ராஜதுரை அன்றோடு நம்பிக்கையை விட்டார்.

சாயங்காலம் பொன்செல்வி வெளிறிப்போன ஊதாச் சீலையில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஆணியில் அவளுடைய தாள்கள் எட்டு தொங்கின. தான் போய்விட்டால் இவளைச் சிவப்புக் கட்ட விடுவார்களா? பச்சை கட்ட விடுவார்களா? கட்ட வேண்டிய காலமெல்லாம் நாற்பத்தெட்டு நாள், நாற்பத்தெட்டு நாள் என்று சொல்லியே கழித்தாயிற்று. பாவி, பாவி என்று மனசுக்குள் தன்னையே திட்டினார்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு ரதவீதித் துணிக்கடையில் ஏறினார்.

"நல்ல கலரா எடுத்துப் போடும். வெளிர் நிறமே வேண்டாம்."

"வீட்டுல விசேஷமா அண்ணாச்சி?"

"ஆமா. வருதுல்லா."

சிவப்பு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் என்று ஏழு சீலை. தாளும் இல்லை, நாளும் இல்லை. கட்டைக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தார்.

"ஏழா? மண்டலம் என்னாச்சு?"

"பொறுக்க நேரம் இல்லட்டி. நாளையிலருந்தே கட்டு, தெனம் ஒண்ணு கட்டு."

அவள் கட்டை இரண்டு முறை புரட்டிப் பார்த்தாள்.

"உங்களுக்கு ஒண்ணும் எடுக்கலியா?"

"எனக்கு என்னத்துக்கு?"

அவள் முகம் செத்துப்போனது. சிவப்புச் சீலையைக் கட்டுக்குள்ளேயே திருப்பிச் செருகினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று ராஜதுரை நினைத்தார். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

இனி ஒரு வேலைதான் பாக்கி. இரண்டு பேண்ட்டையும் பையில் சுருட்டிக்கொண்டு ரிபாயி கடைக்கு வந்தார்.

"இனி பிடிக்க வேண்டாம் வே. யாருக்குச் சேருமோ பாத்துக் கொடுத்துரும். குப்பைக்கு மட்டும் வந்துறக்கூடாது. நான் இல்லாத நேரம் அங்கன வந்து கெடந்தா எனக்குப் பொறுக்காது."

"அப்ப நீங்க எதைப் போடுவிய?"

"எனக்கு இனி என்ன பேண்ட்டு. நாலு மாசமோ, அஞ்சு மாசமோ. வாரத்துக்கு ஒரு இஞ்சு கரையுதேன், நீருதான் பாக்கீரே. எங்க அப்பாவுக்கும் இடுப்புலதான் ஆரம்பிச்சுது."

தையல் மிஷின் நின்றது. ரிபாயி கத்திரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, சொல்லக்கூடாதுன்னு பொன்செல்வி மைனி சத்தியம் வாங்கியிருக்காவ, ஆனா நீங்க பிடிச்சிட்டுப் போற பேண்ட்டை ரெண்டாம் நாளே கொண்டாந்து தையலைப் பிரிச்சுத் தளத்தி வாங்கிட்டுப் போறது அவியதான்; சேராமப் போனாத்தான் நீங்க புதுசு எடுப்பியளாமே, அதுவும் அவசரப்பட்டு வரல, ஒரு மண்டலம் பொறுத்துப் பாத்துட்டுத்தான் வந்தேன்னாவ."