இரண்டாம் ஓட்டுநர்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீ, மாமா, நான் இன்னும் போட்டோவில் மட்டுமே பார்த்திருக்கும் வாண்டு, மூவரும் நலம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நலமில்லை என்றால் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனால் நம் வீட்டில் அந்த யாராவது எப்போதும் நீதான், நீ எனக்குப் போன் செய்வதை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. இந்தக் கடிதம், இன்று உன் வீட்டுக்கு வருவதாக இருந்த நான் ஏன் வரவில்லை என்பதை விளக்க எழுதப்படுகிறது. வரப்போவதாக நீ சொல்லவே இல்லையே என்பாய். சொல்லாமல் வர நினைத்தேன். சொல்லாமலே வராமல் போனேன். யாருக்கும் தெரியாத இந்தக் குற்றத்துக்கு நானே முந்திக்கொண்டு விளக்கமும் எழுதுகிறேன், பழக்கதோஷம்.

பஸ் இருக்கிறதே என்று கேட்பாய். இருக்கிறது. பஸ்ஸில் வந்தால் உன் ஹாலில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மாமாவிடம் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். உனக்கும் எனக்கும் எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சு வராது. நீ ஓட்ட வேண்டும், நான் பக்கத்து சீட்டில் இருக்க வேண்டும், இருவரும் சாலையைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் எல்லாம் வரும். மாமாவின் கார் இருக்கிறதே என்றால், அதில் மாமாவும் இருப்பார். ஆகவே ஒரு காரை வாடகைக்கு எடுப்பது என்று முடிவு செய்தேன். என் தொழில் என்னவென்று உனக்குத் தெரியும். நாள் முழுக்க அடுத்தவர் எழுதியதில் பிழை பார்ப்பவளிடம் பதினான்கு பக்க ஒப்பந்தத்தை நீட்டி, 'கடைசிப் பக்கத்துல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க மேடம்' என்று சொல்லக் கூடாது. நான் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். நான்காம் பக்கம் போவதற்குள் எனக்குப் பின்னால் ஐந்து பேர். 'என்னம்மா, பரீட்சைக்கா படிக்கறீங்க?' என்று ஒருவர் கேட்டார். 'பாஸ் ஆனா நமக்கும் சொல்லச் சொல்லுங்க' என்றார் அவருக்குப் பின்னால் இருந்தவர்.

கவுன்டரில் இருந்தவர், அம்மா வயது இருக்கும், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பொறுமையாகத்தான் சொன்னார். இன்சூரன்ஸ் வாடகையிலேயே அடக்கம் என்றார். அப்படியென்றால் இது என்ன என்று அடுத்த வரியைக் காட்டினேன். 'அடக்கம்கறது நீங்க அடுத்தவங்க வண்டியை இடிச்சா. இந்தக் காருக்கு ஒண்ணு ஆச்சுன்னா முதல்ல இவ்வளவு உங்க கையிலேருந்து, அதுக்கு மேல எங்களுது.' அந்த 'இவ்வளவு' என் மூன்று மாதச் சம்பளம். அதுவும் வேண்டாம் என்றால்? 'தினத்துக்குக் கொஞ்சம் கூடக் கட்டுங்க, முழுப் பாதுகாப்பு.' முழு என்றால் முழுசாகவா? 'முழுசா. டயர், கண்ணாடி, அடிப்பாகம், சாவி, இது மட்டும் தவிர.'

'டயரும் கண்ணாடியும் அடிப்பாகமும் போனா கார்ல என்னங்க மிச்சம்?'

'கதவு' என்றார், கொஞ்சமும் யோசிக்காமல்.

பிறகு என் லைசன்ஸைப் பார்த்துவிட்டு, இருபத்தைந்து வயது ஆகாதவர்களுக்குத் தினமும் தனிக் கட்டணம் என்றார். இன்னும் பதினோரு நாள்தான் என்றேன். 'பதினோரு நாள் கழிச்சு வாங்களேன்' என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அக்கா, நான் எதையும் பதினோரு நாள் தள்ளிப்போட்டால் அது பதினோரு மாதம் ஆகிவிடும் என்பது அவருக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். அதையும் கட்டினேன். குழந்தை சீட் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன். குழந்தை எங்கே என்று என் காலடியில் எட்டிப் பார்த்தார். முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறாள் என்றேன். 'எடை எவ்வளவு?' என்று கேட்டார். எடையை வைத்துத்தான் சீட் கொடுப்பார்களாம். எனக்குத் தெரியவில்லை. வாண்டின் போட்டோ என்னிடம் நூற்றுக்கு மேல் இருக்கிறது, ஒன்றிலும் எடை தெரியவில்லை. நான் போனில் போட்டோக்களைத் தள்ளிக்கொண்டே இருந்ததைப் பார்த்து அவரே, 'ஒன்றரை வயசு இருக்குமா? நடக்குதா? நடுத்தரம் போட்டுக்கறேன்மா' என்றார். மேடத்திலிருந்து அம்மாவுக்கு இறங்கியது அங்கேதான்.

அந்தத் தைரியத்தில் இரண்டாம் ஓட்டுநர் என்ற கட்டத்தில் உன் பெயரை எழுதினேன். அதற்கும் தனிக் கட்டணம். 'அவங்க லைசன்ஸோட இங்க வரணுமே' என்றார்.

'அவ இங்க இருந்தா நான் எதுக்குங்க கார் எடுக்கறேன்?'

பின்னால் இருந்த வரிசை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. உன் ஊரிலும் அவர்களுக்குக் கிளை இருக்கிறது, அங்கே நேரில் போய் லைசன்ஸைக் காட்டினால் சேர்த்துக்கொள்வார்கள், ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள் என்று சொல்லி, உன் பெயரின் மேல் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தார்.

பிறகு காரில் ஏற்கெனவே இருக்கும் கீறல்களைப் படம் எடுத்தேன், நாற்பத்தோரு படம். கிளம்பும்போது பத்து மணி. வண்டியைக் கவனிப்பாரில்லாமல் விடக் கூடாது என்று ஒன்பதாம் பக்கத்தில் இருந்ததால் வழியில் எங்கேயும் இறங்கவில்லை, பாத்ரூமுக்குக்கூட. பின் சீட்டில் வாண்டின் சீட் காலியாக, பெல்ட் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தது. என் பக்கத்து சீட் பெல்ட்டை மாட்டச் சொல்லி மணி அடித்தது, அதில் என் கைப்பை இருந்தது. அதற்கும் பெல்ட் போட்டேன். மூன்று பேருக்கான கட்டணத்தில் ஒருத்தி போய்க்கொண்டிருந்தேன். நூற்று அறுபதாவது கிலோமீட்டரில் ஒரு லாரியின் பின்னால் போகும்போது டப் என்று ஒரு சத்தம். முன் கண்ணாடியில் கடுகளவு ஒரு புள்ளி. கல் அடித்திருக்கிறது. முழுப் பாதுகாப்பில் கண்ணாடி சேராது! அடுத்து வந்த பெட்ரோல் பங்கில் ஒதுங்கி உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். 'பார்வையை மறைக்குதா மேடம்?' மறைக்கலை, ஆனா பார்த்துக்கிட்டே இருக்கு என்றேன். இது விரியலாம், விரிந்தால் முழுக் கண்ணாடியும் என் செலவு, எச்சரிக்கையாக இருங்கள் என்றார்கள். திரும்பிப் போவதுதான் எச்சரிக்கை என்று எனக்குத் தோன்றியது. இப்போது மணி ஒன்று, பங்கின் நிழலில் காருக்குள் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அப்பாவின் பழைய காரை நான் கேட்டில் இடித்தது நினைவிருக்கிறதா? எனக்குப் பதினாறு வயது. நீதான் திருட்டுத்தனமாக ஓட்டச் சொல்லிக்கொடுத்தாய். இடித்ததும் என்னைக் கையைப் பிடித்து இழுத்து இறக்கிவிட்டு, நீ ஏறி உட்கார்ந்துகொண்டாய். அப்பா ஓடிவந்தபோது 'நான்தாம்ப்பா' என்றாய். இரண்டு மாதம் உனக்குச் சாவி கிடைக்கவில்லை. கண்ணாடி தவிர, அடிப்பாகம் தவிர என்று நீ எதுவும் சொல்லவில்லை. பதினான்கு பக்கத்தில் நான் தேடியது அந்த மாதிரி ஒரு வரியைத்தான் என்று இப்போது தோன்றுகிறது. அப்படிப்பட்டவளின் குழந்தை பிறந்தபோது நான் வரவில்லை. முதல் பிறந்தநாளுக்கும் வராமல் ஒரு பார்சல் அனுப்பினேன். 'பரவால்ல, வாண்டு நடக்க ஆரம்பிச்சுட்டா. அவளே ஒருநாள் நடந்து வந்து உன்னைப் பார்த்துக்குவா. நீ வேலையப் பாரு' என்று சொல்லிப் போனை வைத்தாய். அதன் பிறகு கூப்பிடவில்லை. எட்டு மாதமாக வேலையைத்தான் பார்க்கிறேன்.

ஆக, கண்ணாடியில் கல் அடித்த காரணத்தால் வர இயலவில்லை என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். மாமாவுக்கு என் வணக்கம். வாண்டுக்கு, அவள் எடை எவ்வளவோ அத்தனை முத்தங்கள்.

உன் தங்கை

பி.கு.: மேலே இருப்பது நீல மை, அது தீர்ந்துவிட்டதால் இது பங்கில் கேட்டு வாங்கிய சிவப்பு. கடிதத்தை மடிக்கும்போது பங்க்காரர் ஈரத் துணியோடு வந்து முன் கண்ணாடியைத் துடைத்தார். தொடாதீங்க, கல்லடி, விரிஞ்சிடும் என்று கத்தினேன். துணியைப் பிரித்துக் காட்டினார். 'பூச்சிம்மா இது.' கண்ணாடி கண்ணாடியாக இருந்தது. திரும்பிப் போக எனக்கு ஒரு காரணமும் மிச்சமில்லை.

இந்த மீதியை உன் வீட்டுக்கு எதிரே காரில் உட்கார்ந்து எழுதுகிறேன். உறையில் ஸ்டாம்ப் இல்லாததைக் கவனித்திருப்பாய். உன் தபால் பெட்டியில் நானேதான் போட்டிருப்பேன், காரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே. பிறகு மணியை ஒரு தடவை அடித்துவிட்டு ஓடிவந்து உட்கார்ந்திருப்பேன். எதிரே நிற்கும் வெள்ளைக் கார். மணி ஐந்து ஆகப் போகிறது, கிளை ஆறுக்கு மூடிவிடும். திட்டுவதை வண்டியில் திட்டிக்கொள். வாண்டைத் தூக்கிக்கொண்டு லைசன்ஸோடு வா. கிளை வரைக்கும் நான் ஓட்டுகிறேன். அங்கிருந்து நீ.