அண்டம் நானாவின் முறை வந்தபோது

மாத்தளை டவுனில் அண்டம் நானாவின் பேச்சிலிருந்து தப்பியவர்கள் இரண்டே வகை: காது கேளாதவர்கள், காலமானவர்கள்.

முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் நானா என்போம்; அண்டம் என்பது அவர் பேச்சுக்குக் கிடைத்த பட்டம். புடவைக் கடையில் துணி வெட்டுவது அவர் வேலை. சட்டைக்குப் பூப்போட்ட சீத்தைத் துணி கேட்டு வந்த பெண்ணை வியாழன் கிரகத்தைச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் விடுவார். கத்தரிக்கோல் பாதித் துணியில் நிற்கும். நானா சனியின் வளையத்தில் நிற்பார். பொறுமை இழந்தவர்கள் எதிர்க் கடைக்கு ஓடி வருவார்கள். அங்கே கிளார்க்காக இருந்த எனக்கு அதில் சந்தோஷம்தான். நானாவுக்கு மனைவி மக்கள் இல்லை. கடை பூட்டியதும் மாடியறையில் தனியாகச் சோறாக்கிச் சாப்பிடுவார்.

அறுபதுகளில் ஒருமுறை, லக்கல பக்கத்து வனவிலங்குச் சரணாலயத்தில் பிரபஞ்ச ஆராய்ச்சி மாநாடு வைத்தார்கள். விளக்கு வெளிச்சமில்லாத காட்டில் வானம் நன்றாகத் தெரியுமாம். நானா விடாமல் எழுதிப் போட்டு, கொஞ்ச நேரம் பேச அனுமதி வாங்கிவிட்டார். கண்ணாடி முன்னால் நின்று இங்கிலீஷ் பழகினார். துணைக்கு வர ஆளில்லை என்றதால் நான் போனேன்.

நட்சத்திரக் கூட்டங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போய்க்கொண்டே இருக்கின்றன என்றார் ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர்.

"இது எனக்கு மாத்தளையிலேயே விளங்கிட்டுது தம்பி" என்றார் நானா என் காதில்.

அடுத்து அவர் முறை. கோட்டும் சிவப்புத் துருக்கித் தொப்பியுமாக எழுந்துபோய்த் தொண்டையைச் செருமினார். அந்த நேரம் பார்த்து மண்டப ஜன்னலுக்கு வெளியே ஓர் ஒற்றை ஆனை வந்து நின்றது. யாரும் சத்தம் போடக்கூடாது என்று சரணாலயக் காவலாளி சைகை காட்டினார். ஆயுசு முழுக்க வாய் மூடாத மனுஷன், அத்தனை படித்தவர்கள் அவர் முகத்தையே பார்த்து உட்கார்ந்திருக்க, வாய் திறக்காமல் நின்றார். ஆனை புல்லைப் பிடுங்கும், காலில் தட்டி மண்ணை உதறும், அவசரமில்லாமல் ஆறுதலாக மெல்லும். அது போனபோது மாநாட்டு நேரமும் போயிருந்தது. ஜீப்பில் ஏறப்போன ஒரு பேராசிரியர் நானாவின் கையைக் குலுக்கி, "வெரி குட்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் நானா பேசவே இல்லை. தொப்பியை மடியில் வைத்து வெளியே பார்த்தபடி இருந்தார். எனக்கு என்னவோ போலிருந்தது.

"நானா, அங்க என்ன சொல்ல இருந்தீங்க? எனக்குச் சொல்லுங்களேன்."

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். "மெய்யாத்தான் கேக்குறீங்களா?"

அதுவரை யாரும் அவரைப் பேசச் சொல்லிக் கேட்டதில்லை போலும். மாத்தளை வரும்வரை பேசினார். எனக்குப் பாதி விளங்கவில்லை. ஆனாலும் அந்த பஸ் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போயிருக்கலாம்.