உன் பக்கத்தில் நீலமாக மினுக்குவது யார்?

செலியமேடு

என் வெல்லக்கட்டி மாமாவுக்கு, உன் பெண்சாதி அம்சவள்ளி கும்பிட்டு எழுதுவது. இங்கு நானும் மாடும் கன்றும் ஒருமாதிரி இருக்கிறோம். நீ அங்கு எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை. கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.

உன் கருமாதி முடிந்த சாயங்காலம் உன் அக்கா மணியம்மாள் வாசலில் நின்று, வானத்தில் இருப்பதிலேயே பெரிய வெளிச்சத்தைக் காட்டி, "அதாண்டி என் தம்பி" என்று அழுதாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. போட்டோ எடுத்தால்கூடப் பின்னால் போய் ஒளிகிற ஆள் நீ, அவ்வளவு பளபளப்பாகவா நிற்பாய்? ரைஸ்மில் கூரைக்கு மேலே, இருக்கிறதா இல்லையா என்று மினுக்கிய ஒன்றைப் பிடித்து, இதுதான் என் மாமா என்று வைத்துக்கொண்டேன். நேராகப் பார்த்தால் மறையும், ஓரக்கண்ணால் பார்த்தால் தெரியும். வேலை சொன்னால் மறைவாயே, அதே குணம்.

போன வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் பள்ளிக்கூட மைதானத்தில் டெலஸ்கோப் வைத்தார்கள். ஊரே பிறை பார்க்க வரிசையில் நின்றது. நான் ஸ்டெல்லா டீச்சரிடம் ரைஸ்மில் பக்கம் கையைக் காட்டி, உன்னைக் காட்டச் சொன்னேன். "ரொம்ப மங்கலாச்சேம்மா, இத எப்படிக் கண்டுபுடிச்சீங்க?" என்றது அந்தப் பெண். அப்புறம் உன்னைப் பற்றி நல்லதாகவே சொன்னது. சூரியனைவிடப் பெரிய உருவமாம், தூரத்தில் இருப்பதால்தான் மங்கலாம், இன்னும் கோடிக்கணக்கான வருஷம் ஆயுசாம். இங்கே அறுபதைத் தாண்டத் துப்பில்லை! பெருமையாகக் கண்ணை வைத்தேன். மஞ்சளாக நீ. உன்னை உரசிக்கொண்டு நீலமாக ஒருத்தி.

"இவ யாரு டீச்சர்?"

"அது துணை நட்சத்திரம்மா. வெறும் கண்ணுக்குத் தெரியாது."

"தெரியாதுல்ல? அப்பிடித்தான் இருந்திருப்பாங்க."

பின்னால் நின்ற மளிகைக்கடை கமருதீன் பாய், "இன்னா அம்சா, அழுவுற?" என்றார். "அழுவல பாய், ஆளப் புடிச்சிட்டேன்" என்றேன்.

மாமா, நீலம் என்றாலே எனக்கு ஒருத்திதான். அபிஷேகப்பாக்கத்தில் நீ டிராக்டர் ஓட்டிய வயலுக்கு நடவுக்கு வருவாளே காசம்மாள், எந்நேரமும் நீலப் புடவை. உனக்கு முந்தின மாதம்தான் அவள் போய்ச் சேர்ந்தாள். அன்று நீ சோறு வேண்டாம், பல் வலி என்றாய். எந்தப் பல் என்று கேட்டேன், கடைசிவரை காட்டவில்லை. பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி அவள் முன்னால் போய் இடம் பிடிக்க, நீ பின்னால் போயிருக்கிறாய். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டதெல்லாம் நடிப்புதானே? நம் கல்யாணத்தன்று பட்டப்பகலில் ஐயர் அருந்ததி காட்ட, பந்தல் துணியைத் தவிர ஒன்றும் தெரியாமலே "தெரியுது, தெரியுது" என்றவன்தானே நீ! நானும்தான் சொன்னேன். அது வேறு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. பனியில் தலையை மூடிக்கொள். உன் அக்கா விசாரித்தாள். எல்லாச் சாமியும் உன்னைக் காப்பாற்றட்டும். அந்த நீலப் புடவைக்காரியை எந்தச் சாமி காப்பாற்றுமோ எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
இன்னும் நான்தான் உன் பெண்சாதி என்று நினைத்துக்கொண்டிருக்கும்
அம்சவள்ளி

பி.கு.: இதை மடிக்கும்போது ஸ்டெல்லா டீச்சர் பால் வாங்க வந்தது. அன்று சொன்னது தப்பாம், புத்தகத்தில் பார்த்ததாம். அந்த நீலம் உனக்கு ஜோடியே இல்லையாம். உனக்குப் பின்னால் எங்கோ வெகுதூரத்தில் இருக்கிறதாம். சாலையிலிருந்து பார்த்தால் வில்லியனூர் கோபுரத்தை ஒட்டிச் செல்போன் டவர் நிற்கிற மாதிரி தெரியுமே, அப்படியாம். "அப்ப அவரு பக்கத்துல?" என்றேன். "யாரும் இல்லம்மா. சுத்திலும் வெறும் இருட்டுதான்" என்றது. அது போனபிறகு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். மேலே எழுதியதையெல்லாம் கிழித்ததாக வைத்துக்கொள். காசம்மாள் நல்லவள்தான், கலகலவென்று பேசுவாள். தனியாக உட்கார்ந்தால் உனக்குச் சோறு இறங்காதே மாமா, அங்கே உன்கூடப் பேச யார் இருக்கிறார்கள்?