நாற்காலிக்காக ஓடியவர்

தன் உடம்பில் உயிர் உள்ளவரை அந்தச் சாய்வு நாற்காலி வாசற்படி தாண்டாது என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சபதம் செய்தார். சபதம் செய்த நேரத்தில் அவர் அதில்தான் மல்லாந்து கிடந்தார். அதனால் கர்ஜனையாக வர வேண்டியது பாதிக் கொட்டாவியாக வந்தது.

“எதுக்குக் கத்தறீங்க? ஹால்ல பாதியை இதுவே அடைச்சுக்குது. தினம் காலையில என் சுண்டுவிரல் இதுமேல இடிக்குது,” என்றாள் அவர் மனைவி அம்மணி.

“விரலைப் பாத்து வெச்சு நடக்கணும்.”

“சரி, வம்பே வேணாம். ஞாயித்துக்கிழமை நம்ம குடியிருப்பு விளையாட்டு விழாவுல புருஷன் பொண்டாட்டி ஓட்டப்பந்தயம் இருக்கு. நீங்க எனக்கு முன்னால வந்தா நாற்காலி இருக்கட்டும். நான் முன்னால வந்தா அது போகட்டும்.”

“பேச்சு மாறக் கூடாது!”

“நான் மாற மாட்டேன். உங்களுக்கு மூச்சு வாங்காம இருந்தா சரி.”

ரோஷத்தில் ஒப்புக்கொண்டுவிட்டாரே தவிர, ஓட்டம் அவருக்குப் பழக்கமில்லை. அவர் கடைசியாக ஓடியது கல்யாணத்துக்கு முன்னால், ஒரு பஸ்ஸைப் பிடிக்க. அந்த பஸ்ஸும் நின்றுகொண்டுதான் இருந்தது. அம்மணிக்கோ கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவள் எவ்வளவு தூரம் ஓடிவிடுவாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி மறுநாள், அவர் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் கோச் கடைக்கு வந்து நின்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கிற மனிதர்.

“உங்க வீட்டு மேடம்கிட்டதான் சார் கார் கத்துக்கறேன். நேத்து சிவப்பு விளக்கு கண்ணுக்குத் தெரியலை, நேரா விட்டுட்டேன். முதல்ல எங்க வீட்டுக்காரர் கடைக்குப் போங்கன்னுட்டாங்க.”

கண்ணாடிக்காரர் அவரை எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடி, மெதுவாகத் தூண்டிலைப் போட்டார்.

“ஓடறதுக்கு முன்னால காலை நல்லா நீட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னா வேகம் வருமா கோச்?”

“அங்கதான் சார் எல்லாரும் ஏமாந்துபோறாங்க. ஒரே நிலையில ரொம்ப நேரம் இழுத்துப் பிடிச்சா தசை தளர்ந்துடும். அந்த நேரத்துக்கு உதைக்கிற பலம் குறையும். பந்தயத்துக்கு முன்னால அங்க இங்க நடக்கணும், லேசா ஓடணும், காலை வீசணும். உடம்பு சூடாகணும். இழுத்துப் பிடிக்கறதெல்லாம் ஓடி முடிச்ச அப்புறம் நிதானமா செய்யலாம். உடம்பு வளையறதுக்கு அது ரொம்ப நல்லது. ரெண்டாவது வரி தெரியலை சார்.”

ரெண்டாவது வரி யாருக்கு வேண்டும்? கண்ணாடிக்காரர் மனசில் திட்டம் முழுசாக எழுதியாகிவிட்டது. அம்மணியை நீட்டவைக்க வேண்டும். நீட்டி, இழுத்து, அவள் கால் துவண்டுபோகும்வரை நீட்டவைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அவர் குரலில் தேன் சொட்டியது.

“ஓடறதுக்கு முன்னால நல்லா நீட்டிக்கோம்மா. உனக்கு ஒண்ணு ஆயிட்டா என்னால தாங்க முடியாது.”

தாலி கட்டிய நாளிலிருந்து அவர் சொல்லாத வசனம். அம்மணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பவ்யமாகத் தலையாட்டினாள்.

“எப்படிங்க?”

“குனிஞ்சு கால் கட்டைவிரலைத் தொட்டு அப்படியே நில்லு.”

“வாயால சொன்னா என் மண்டையில ஏறாது. செஞ்சு காட்டுங்களேன்.”

குனிந்தார். தொப்பை குறுக்கே நின்றது. கை முழங்காலோடு நின்றுவிட்டது.

“கட்டைவிரல்னீங்க?”

“இரு, இறங்கும்.”

“இறங்கட்டும், அவசரமில்லை. அதுக்குள்ள நான் தண்ணி கொண்டாறேன். நிமிராதீங்க, அப்புறம் எனக்கு மறந்துடும்.”

அம்மணி மைதானத்தின் அந்தக் கோடிக் குழாய்வரைக்கும் குடுகுடுவென்று ஓடினாள். திரும்பி வந்ததும் பாட்டிலுக்கு மூடி இல்லையென்று மறுபடியும் ஓடினாள். கண்ணாடிக்காரர் உலகத்தைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“வந்துட்டேன். இப்படியா?” என்று காலை முன்னும் பின்னும் வீசினாள்.

“வீசக் கூடாதுடி! பிடிச்சுக்கிட்டு நிக்கணும்!”

“எங்கே, காட்டுங்க.”

இடது காலைப் பின்னால் மடக்கி, ஒரு மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொடையில் சுளீரென்றது.

“முகத்தை ஏன் இப்படி வெச்சிருக்கீங்க? பாத்தா பயமா இருக்கு.”

“என் முகமே அதுதான்! நீ எப்பத்தான் ஆரம்பிக்கப் போற?”

“நீங்க முழுசா முடிச்சாத்தானே? வலது காலை யாரு காட்டுவா, அடுத்த வீட்டுக்காரரா?”

வலது காலையும் காட்டினார். சுவரைத் தள்ளிக் காட்டினார். தரையில் உட்கார்ந்து காலை அகட்டிக் காட்டினார். ஒவ்வொன்றையும் அவள் தப்புத் தப்பாகவே செய்தாள். குதித்தாள், வீசினாள், துண்டை மறந்துவிட்டேனென்று வீட்டுக்கு ஒரு ஓட்டம் ஓடிவந்தாள். இப்படி ஒரு மக்கை எப்படித்தான் கட்டிக்கொண்டோம் என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது. தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து குனிந்தார்.

“எல்லாரும் கோட்டுக்கு வாங்க!”

புதுக் கண்ணாடி மினுமினுக்க, கோச் விசிலை ஊதினார்.

அம்மணி பறந்தாள். கண்ணாடிக்காரருக்கும் மனசு பறந்தது, கால்தான் வரவில்லை. இரண்டும் யாரிடமோ இரவல் வாங்கிய கால்கள் மாதிரி இஷ்டத்துக்குப் பின்னால் வந்தன. முதலில் அம்மணியின் முதுகு தெரிந்தது. பிறகு அவள் கிளப்பிவிட்ட புழுதி தெரிந்தது. கடைசியில் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று அவருக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டும் கை தெரிந்தது.

நொண்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். ஹாலில் நாற்காலி இருந்த இடம் மொட்டையாகக் கிடந்தது. மேலே, கூரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அவர் நன்றாக அறிந்த கிரீச் சத்தம் ஒன்று கேட்டது.

“மேல யாரு?”

“கோச்சுதான். இதமா இருக்காம். பந்தயம் முடிஞ்சு நான் சாவியைக் குடுத்ததும் எல்லாருக்கும் முன்னால ஓடிவந்து, கூட ஒரு ஆளை வெச்சுத் தூக்கிக்கிட்டுப் போனாரு.”

கண்ணாடிக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“அடிப்பாவி! செஞ்சு காட்டுங்க, செஞ்சு காட்டுங்கன்னு... இந்த வித்தையை எங்கே கத்துக்கிட்ட?”

“எங்கிட்ட படிக்க வர்றவங்ககிட்டதான். செஞ்சு காட்டுங்க மேடம், செஞ்சு காட்டுங்க மேடம்னே என்னை அவங்க வீடு வரைக்கும் வண்டி ஓட்ட வெச்சுடுவாங்க.”

கோபத்தில் ஒரு அடி எடுத்து வைத்தார். கெண்டைக்கால் தசை சுருட்டிப் பிடித்து இழுத்தது. ஐயோவென்று அப்படியே தரையில் சரிந்தார்.

“இப்ப நீட்டுங்க,” என்றாள் அம்மணி, சுண்டுவிரலைத் தடவிவிட்டுக்கொண்டே. “ஓடி முடிச்ச அப்புறம்தான் நீட்டணும்னு கோச்சு தினமும் கிளட்சை மிதிச்சுக்கிட்டே சொல்வாரு. ஹால்லதான் இப்ப தாராளமா இடம் இருக்கே.”